ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் ஆட்டுக்கறிக் குழம்பும்

என் பேச்சைக் கேட்டு நாலு பேர் காரியத்தில் இறங்கியது என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. அதன் பலனாக எனக்குத்தான் சோறு கிடைக்காமல் போயிற்று.

யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை என்கிற காலம். நான் திருச்சியிலிருந்து பி.ஏ. படிக்கச் சென்னைக்கு வந்திருந்தேன். சாந்தோமில் கத்தோலிக்க மாணவர்களுக்காக நடந்த ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல், முன்பக்க ஜன்னலைத் திறந்தால் கோயில் மணி. இரண்டையும் சாத்திவிட்டுப் படிக்கலாம் என்றால் புழுக்கம். ஆகவே நாங்கள் அதிகம் படிக்கவில்லை.

விடுதியை நடத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாமியார் ஒருவர். கல்லூரியில் தர்க்கவியல் ஆசிரியர். பெரிய உடம்பு, சின்னக் குரல். எதைக் கேட்டாலும் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். "ஃபாதர், இப்படி மழை கொட்டுகிறதே, இன்றைக்குக் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டால், "ஏன், உன் கல்லூரிக்குக் கூரை போடவில்லையா?" என்பார். அவர் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்களை உட்கார வைத்து நியாயமான கூலி, தொழிலாளர் உரிமை, முதலாளியின் கடமை என்றெல்லாம் பாடம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாங்கள் பட்டினப்பாக்கம் குப்பத்துக்குப் போய் ஏதாவது சேவை செய்துவிட்டு வர வேண்டும். இதற்குச் சமூக சேவைச் சங்கம் என்று பெயர். சங்கத்தின் செயலாளர் நான்.

நான் இன்னொன்றுக்கும் செயலாளர். விடுதியில் சாப்பாட்டு விவகாரம் முழுவதும் மாணவர் கையில்தான் இருந்தது. சமையல்காரர்களை வைப்பது, நீக்குவது, அரிசி வாங்குவது, குழம்பில் உப்பு அதிகம் என்று திட்டு வாங்குவது எல்லாம் மெஸ் கமிட்டியின் வேலை. அந்தப் பதவிக்கு யாரும் போட்டி போட மாட்டார்கள். நான் தேர்தல் நாளன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தால் மெஸ் செக்ரட்டரியாக இருந்தேன்.

குப்பத்தில் எங்கள் சேவை ஆரம்பத்தில் சோபிக்கவில்லை. முதல் தடவை பல் விளக்குவதன் அவசியத்தைப் பற்றிப் பேசினோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்லும் இல்லை. "இன்னா நைனா, கொஞ்சம் லேட்டா வந்துட்டியே" என்றார். இன்னொரு தடவை சிக்கனத்தைப் பற்றிப் பேசினோம். அந்த வாரம் முழுக்கக் கடலில் மீன் படவில்லை. சிக்கனத்தில் அவர்களுக்குக் கற்றுத்தர எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்து, பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

ஃபாதரிடம் போய் ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை என்று முறையிட்டேன்.

"பல் விளக்கச் சொல்லி யாராவது பிரசங்கம் செய்தால் உனக்கு ஆர்வம் வருமா?" என்றார். பிறகு, "அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எப்போதாவது சொன்னாயா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உரிமையைப் பற்றிப் பேசினேன். குப்பத்துச் சின்னக் கோயிலுக்கு முன்னால், வலை உலர்த்துகிற பந்தலுக்குக் கீழே கூட்டம். எனக்கு அன்றைக்கு நாக்கில் ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது முதலாளி போடும் பிச்சை இல்லை என்றேன். உலகத்தைப் படைத்த கர்த்தரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அவருக்கு இல்லாத அவசரம் உங்கள் முதலாளிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறவன் கடவுளுடைய நாளைத் திருடுகிறவன் என்றேன். கேட்டும் தராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், அது பாவமே இல்லை என்று முடித்தேன்.

மீன்பிடிக்கிறவர்களுக்கு முதலாளி கடல்தான். அவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆனால் பின்னால் ஒரு குரல் எழுந்தது.

"தம்பி, நீ சொன்னது எல்லா மொதலாளிக்கும் தானா?"

பார்த்தால் எங்கள் விடுதியில் மாவாட்டுகிற அக்கா. அவர் வீடு அந்தப் பந்தலுக்கு நேர் எதிரில். மத்தியானச் சமையல் முடிந்து, மறுநாள் இட்லிக்கு மாவாட்டத் திரும்புவதற்குள் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று வந்தவர், எங்கள் சத்தத்தில் தூங்க முடியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றித் தோள் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி இருக்கும்.

"எல்லா முதலாளிக்கும்தான் அக்கா" என்றேன்.

"சாமிமாருங்க எடமா இருந்தா?"

"யார் இடமாக இருந்தாலும் சரி. விதிவிலக்கே கிடையாது."

"அப்ப சரி" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஃபாதரிடம் ஓடி, ஜனங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னேன். "யார் கேட்டது, என்ன கேட்டார்கள்?" என்றார். சொன்னேன். ஃபாதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் மேற்கொண்டு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் சமையல் மேஸ்திரி நின்றார். புதுச்சேரிக்காரர், பெரிய மீசை, ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரை வீட்டில் சமைத்தவர். சமையலறையில் புலி. அன்றைக்கு அக்காவின் முதுகுக்குப் பின்னால் தன்னை எப்படிச் சுருக்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற இரண்டு பேர்.

"ஞாயித்துக்கெழமை எங்களுக்கு லீவு ஓணும் தம்பி" என்றார் அக்கா.

"நல்ல கோரிக்கைதான் அக்கா. நிர்வாகத்தில் பேசிப் பார்க்கிறேன்."

"நிர்வாகம்னா யாரு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "நான்தான்" என்றேன்.

"அப்ப பேசு" என்றார். நான் என்னோடு பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறவர் மாதிரி நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

கமிட்டியைக் கூட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கமிட்டியில் என் அறை நண்பனும் இருந்தான். நாகர்கோவில்காரன். மற்ற எல்லா விஷயத்திலும் தங்கமான பையன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவன் வேறு ஆள். அன்றைக்குத்தான் விடுதியில் ஆட்டுக்கறிக் குழம்பு. ரேஷன் அரிசியும் கோதுமையும் தின்று வாரம் முழுவதும் செத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதுதான் உயிர்த்தெழுதல்.

"லே, கறியில கைய வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான்.

"கறிக்கு எதிராக யாரும் ஒன்றும் சொல்லவில்லையடா. சமைக்கிறவர்களுக்கு ஓய்வு."

"சமைக்காத கறி ஆடுதானலே? ஆட்டையா திங்கச் சொல்லுத?"

குப்பத்தில் நான் பேசியபோது பக்கத்தில் நின்று கை தட்டியவன் அவன். அதை ஞாபகப்படுத்தினேன். அது தொழிலாளருக்கு, இது மெஸ்ஸுக்கு என்றான். ஓட்டெடுப்பில் கோரிக்கை தோற்றது. ஞாயிற்றுக்கிழமை வராதவர்கள் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்று கூடுதலாக ஒரு தீர்மானம் வேறு அவன் கொண்டுவந்தான். அதைச் சமையலறைக்குப் போய்ச் சொல்ல வேண்டியது செக்ரட்டரியின் கடமை. நான் சொல்லும்போது அக்கா மாவாட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ சொன்ன மாதிரியே ஆச்சு தம்பி. கேட்டா தர மாட்டான்னு அன்னிக்கே சொல்ட்டியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தக் காலத்தில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டுமென்றால் முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பாட்டுப் பூசை நீளமானது, பிரசங்கம் அதைவிட நீளம். பூசை முடிந்து விடுதிக்கு வரும்போது எங்கள் எல்லோருக்கும் கண் உள்ளே போயிருக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். இலை போட்டிருக்கவில்லை. சமையலறையில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

வெளியே, வாசலுக்கு எதிரே வாதுமை மரத்தடியில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெளுத்த துணி. மேஸ்திரி மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தார். அக்கா தலையில் பூ.

"என்ன அக்கா இது?"

"ஓய்வு எடுத்துக்கினு கீறோம்" என்றார்.

"டிபன்?"

"அத்த மொதலாளியக் கேளு."

எனக்குப் பின்னால் விடுதியே நின்றது. அத்தனை பேர் வயிற்றிலிருந்தும் வந்த சத்தத்தை நான் முதுகில் உணர்ந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கறிக்கடை பாய் சைக்கிளில் வந்து கறிப் பொட்டலத்தை நீட்டினார். மைலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர், பரம்பரையாக அந்தப் பேட்டைக்காரர். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமை கறி கூடாதுன்னு உங்க சாமியார் சொல்றார். ஞாயித்துக்கிழமை கூடாதுன்னு இந்தம்மா சொல்லுது. உங்க மதத்துல கறி துன்ன எந்த நாளுதான் பாக்கி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளை மிதித்தார்.

"நான் வைக்கேன் குழம்பு" என்று என் அறை நண்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டினான். "எங்க அம்மை வைக்கத ஆயிரம் தடவை பாத்திருக்கேன்" என்றான். அடுப்பை மூட்டுவதற்குள் எங்கள் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஈர விறகு. புகை போக வழியில்லாமல் எங்களைச் சுற்றியே வந்தது. இந்தப் புகைக்குள்தான் நாலு பேர் தினமும் நிற்கிறார்கள் என்பதை மெஸ் செக்ரட்டரியாகிய நான் முதல் தடவை தெரிந்துகொண்டேன். இதற்கு முன் நான் சமையலறைக்குள் வந்ததெல்லாம் வாசற்படி வரைக்கும்தான்.

கறி சட்டியில் விழுந்ததும் ஜன்னலில் ஒரு மீசை தெரிந்தது.

"கழுவினீங்களா?" என்றது மீசை.

நாங்கள் கழுவவில்லை.

"ஐயோ, இஞ்சி எங்கே? இஞ்சியை முதல்ல போடணும். யாரது மொளகாத்தூளை அப்படிக் கொட்டறது! கையை எடு! கையை எடுங்கறேன்!"

மேஸ்திரியின் கை கம்பிக்குள் நுழைந்து கரண்டியைப் பிடித்துவிட்டது. அதே நேரம் பின்னாலிருந்து யாரோ அவரை இழுத்தார்கள்.

"மேஸ்திரி! இன்னா பண்றே நீ? ஸ்டிரைக்குல கீறோம், மறந்துட்டியா?" என்றது அக்காவின் குரல்.

"தெரியும்மா, தெரியும். ஆனா அவங்க கறியைக் கொல்றாங்களே!"

"அது ஏற்கெனவே செத்துதான் கீது. வா இந்தண்டை."

மேஸ்திரி இழுத்துச் செல்லப்பட்டார். குழம்பு மத்தியானம் தாண்டித்தான் இறங்கியது. கறி வேகவில்லை, மசாலா தீய்ந்திருந்தது. என் நண்பன் மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையாக இருக்கலாம் என்று நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது கிடைக்கும்வரை திங்கட்கிழமையும் வருவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மறுநாளைக்கு மாவு வேண்டுமே என்று அன்று பிற்பகல் நானே ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தேன். குழவியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினால் அது ஒரு சுற்று வந்து நின்றது. அரிசி அரிசியாகவே இருந்தது. அறுபது பையன்களுக்கு இட்லி வேண்டுமென்றால் எத்தனை சுற்று என்று நினைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. ஓய்வைப் பற்றி அவ்வளவு ஆவேசமாகப் பேசியபோது எனக்கு எந்த வேலையிலிருந்து ஓய்வு என்பதே தெரியாது. நாக்கு மட்டும் தெரிந்து பேசியிருக்கிறது.

மறுநாள் காலை நானும் என் நண்பனும் மைலாப்பூர்க் குளத்தங்கரைப் பக்கம் இருந்த ஒரு காப்பி ஹோட்டலுக்குப் போனோம். பரிமாற வந்தவர் குடுமியைத் தட்டி முடிந்துகொண்டே, "நீங்க சாந்தோம் ஹாஸ்டலா?" என்றார்.

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாத்தா தெரியறதே. ரெண்டு நாளா பட்டினின்னு எழுதி ஒட்டியிருக்கே. உங்க மேஸ்திரி நேத்து சாயங்காலம் இங்கதான் வந்து உக்காந்துண்டு காப்பி சாப்ட்டார். ஞாயித்துக்கிழமை உக்காந்து காப்பி குடிக்கறது எப்படியிருக்கும்னே தெரியாம இருந்துட்டேன்னார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரோ ஒரு பையன் வந்து பேசினானாமே? அவன் எங்களுக்கும் வந்து பேசுவானா? எங்களுக்கு ஏகாதசிக்குக்கூட லீவு இல்லை."

"இவன்தான் அது" என்று என் நண்பன் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

பரிமாறுகிறவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு இட்லி கேட்ட இடத்தில் நாலு வந்தது. நான் ஒன்றைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்து நின்றார்.

"யார் ஸ்டிரைக்குப் பேசறவன்?"

என் நண்பன் மறுபடியும் என்னையே காட்டினான். பிட்ட இட்லியை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் தெருவுக்கு வந்தோம். தொழிலாளர் தலைவன் என்று ஒரு ஹோட்டலிலிருந்து வெளியேற்றப்பட்டு, முதலாளி என்று இன்னொரு சமையலறைக்கு எதிரே நின்றேன். அந்த வயதில் இரண்டையும் ஒரே நாளில் தாங்குவது கஷ்டம்.

நேராக ஃபாதரிடம் போனேன். அவர் தம் அறையில் பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மேற்றிராணியார், அதாவது பிஷப், வீடு. அங்கே போனால் விருந்தே கிடைக்கும், அவர் போகவில்லை. "நானும் இந்த விடுதியில் சாப்பிடுகிறவன்தானே?" என்றார்.

"ஃபாதர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வேலைக்கு வந்துவிடுவார்கள்."

"ஓய்வு கேட்பது உரிமை என்று அவர்களிடம் சொன்னது யார்?"

"நான்தான் ஃபாதர்."

"ஓய்வு கிடையாது என்று சொன்னது யார்?"

"அதுவும் நான்தான்."

"அப்படியானால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே அறையில் ஒரே சட்டைக்குள் இருக்கும்போது, மத்தியஸ்தம் பண்ண நான் எதற்கு?" பாதி வாழைப்பழத்தை எனக்குக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னாலிருந்து யாரோ "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார்கள். மேஸ்திரி. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க ஒத்துக்காதீங்க."

"எதை மேஸ்திரி?"

"இந்த லீவை. உறுதியா நில்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வேலைநிறுத்தக்காரர் வந்து நிர்வாகத்துக்குத் தைரியம் சொல்வதை எந்தப் பாடத்திலும் ஃபாதர் சொல்லித் தந்திருக்கவில்லை.

"நேத்து வீட்ல இருந்தேன் தம்பி. காப்பி குடிச்சிட்டு வந்து சித்த நேரம் படுக்கலாம்னா, என் மாமியார் பரண்ல இருக்கற வெண்கலப் பாத்திரத்தையெல்லாம் எறக்கிட்டா. அப்புறம் என் பொண்டாட்டி, இவ்வளவு நல்லா சமைப்பீங்களாமே, இன்னிக்கு வீட்ல சமைங்களேன்கறா. இங்கயாவது உதவிக்கு ரெண்டு ஆள் இருக்காங்க." மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "ஆனா அந்தம்மா முன்னாடி இதைச் சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றேன். எனக்கும் அந்த அம்மாவிடம் பயம்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சுவார்த்தை. பசியில் எல்லா மாணவர்களும் வந்திருந்தார்கள். ஃபாதர் ஓரமாக ஒரு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து நாங்கள் சாப்பிடுகிற பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இது இம்மாம் ஒசரமா கீதே, எப்டித்தான் துன்றீங்க?" என்று காலை ஆட்டிப் பார்த்தார். மேஸ்திரியை உட்காரச் சொன்னோம். அவர் உட்கார மறுத்து, பரிமாறுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

என் நண்பன் இரவெல்லாம் ஞானோபதேசப் புஸ்தகத்தைப் புரட்டி ஒரு வாதம் தயாரித்து வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விலக்கப்பட்ட வேலை என்பது உழுவது, தைப்பது, கொத்துவது போன்றது. ஜீவனத்துக்கு அவசியமான சமையல் விலக்கப்பட்ட வேலை ஆகாது, ஆகவே அதில் பாவமே இல்லை என்றான். மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். ஃபாதர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாவம் இல்லியா?" என்றார் அக்கா.

"கொஞ்சங்கூட இல்லை."

"அப்ப நீயே செய்யி ராஜா. ஒனக்குத்தான் பாவம் வராதே."

கூடம் அதிரச் சிரித்தது. அப்புறம் அவனும் சிரித்துவிட்டான். நல்ல பையன் என்று சொன்னேனே.

நான் எழுந்து, ஓய்வு தரலாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றேன். பசி பாதியும் நியாயம் பாதியுமாகக் கைகள் உயர்ந்தன. எது எவ்வளவு என்று நான் விசாரிக்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களே முறை வைத்துச் சமைப்பது, கறிக்குழம்பை வியாழக்கிழமைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அக்கா விடவில்லை. இனிமேல் தன்னை யாரும் "ஏய் மாவு" என்று கூப்பிடக் கூடாது என்றார். அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பதே அவர் சொன்ன பிறகுதான் பலபேருக்கு உறைத்தது. விறகு உள்ளே நனையாமல் வைக்க ஒரு தகரக் கூரை கேட்டார். அதற்கும் சரி என்றோம்.

மேஸ்திரி முகம் விழுந்து கிடந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாணவர்கள் சமைக்கும்போது ஆலோசனை சொல்ல யாராவது இருந்தால் நல்லது. கட்டாயமில்லை, இஷ்டப்பட்டால் வரலாம்" என்றேன்.

"வரேன்" என்றார் மேஸ்திரி. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் சொன்னார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாய்வேலை மட்டும்தான். கரண்டியத் தொட்டே, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் முறை என்னுடையதும் என் நண்பனுடையதும். கோதுமை ரவை உப்புமா. மேஸ்திரி சமையலறை நடுவில் நாற்காலி போட்டு, கரண்டியைத் தொட்டுவிடாமலிருக்கத் தம் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கிண்டுங்க. கிண்டுங்கன்னா கிண்டணும், தடவிக் குடுக்கக் கூடாது" என்று அவர் கத்தியது கோயில்வரை கேட்டது என்றார்கள். உப்புமா வாய்க்கு வைக்கும்படி இருந்தது. ஃபாதர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், "இதில் உப்பு என்பது ஊகமா, நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டே.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது அக்கா ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். சரிகை மின்னுகிற சேலை. இரண்டு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள், தலை நிறையக் கனகாம்பரம்.

"எங்கே அக்கா கிளம்பிட்டீங்க?"

"உயிர் காலேஜு பாக்கப் போறோம். ட்ராம்ல. பொறந்ததுலேந்து இந்த ஊர்லதான் கீறேன், ஒரு புலியப் பாத்ததில்ல தம்பி."

மிருகக்காட்சி சாலையைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். மியூசியத்துக்கு செத்த காலேஜ் என்று பேர். நான் படித்த காலேஜ் இரண்டிலும் சேராது.

"மத்தியானம் குப்பத்தில் கூட்டம் இருக்கே, வர மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா பேசப் போறே?"

"கூட்டுறவு சங்கம்."

"நல்லாப் பேசு" என்று சொல்லிவிட்டு, ட்ராம் போய்விடுமே என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை காலை நான் வேண்டுமென்றே சமையலறைக்குள் போய் ஆட்டுக்கல் பக்கத்தில் நின்றேன். அக்கா மறுநாளைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"புலி எப்படி இருந்தது?"

"தூங்கிக்கினு கெடந்துது தம்பி. நாங்க அவ்ளோ தொலைவு போயிருக்கோம், ஒரு கண்ணக்கூடத் தொறக்கல. பக்கத்துல ஒருத்தர் சொன்னாரு, அது எந்நேரமும் அப்படித்தானாம்." குழவியை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் ஒட்டிய மாவை விரலால் உள்ளே தள்ளினார். "சின்னது அளுவுறா, புலி எளுந்தப்புறம் பாக்கணும்னு. வர ஞாயித்துக்கெழமையும் போவணும்."